வெட்டவெளியில் ஒரு வெள்ளி

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் வடகோடியில் கேன்யன் என்றொரு சிற்றூர். ஊரைத் தாண்டினால் மரமில்லை, மலையில்லை. கண் எட்டும் மட்டும் புல்வெளிதான். 1916-இல் அவ்வூர் ஆசிரியர் கல்லூரியில் ஓவியம் கற்பிக்க வந்தார் ஜார்ஜியா ஓ'கீஃப். விஸ்கான்சின் மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். வயது முப்பதைத் தொடவில்லை. அவரை ஓவியராக அறிந்தவர்கள் நியூயார்க்கில் ஒரு சிலரே. இந்தப் பொட்டலில் வரைய என்ன இருக்கிறது என்று எவருக்கும் தோன்றும். படைத்தவன் நிலத்தில் ஒன்றும் வைக்காமல் விட்டது, வானத்தை முழுசாகக் காட்டத்தான் போலும்.

மாலையில் தங்கை கிளாடியாவுடன் ஊருக்கு வெளியே நடந்து போவார். தங்கை கையில் துப்பாக்கி. பாட்டிலை மேலே வீசி, அது தரையைத் தொடுமுன் சுட்டு நொறுக்குவது அவருக்கு விளையாட்டு. (நல்ல துணைதான்!) அக்காவின் கண்ணோ மேற்கே, வெளிச்சம் மங்காத வானில் தனித்து நின்ற வெள்ளியின் மேல்.

அந்த வெள்ளியின் மகிமையை என்னென்பது! தனக்கென ஒளி இல்லாத கோள் அது. தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் சூரியனுக்கும் நிலவுக்கும் அடுத்த பேரொளி அதனுடையது. ஒளியைத் திருப்புவதோ கந்தக அமில மேகம். அந்த மேகத்துக்குக் கீழே, ஈயத்தையும் உருக்கும் 460 டிகிரி செல்சியஸ் வெப்பம். கொதிக்கும் உலையின் மூடியையே நம் அந்திக்கு விளக்காக்கிய கையை நினைத்தால் மெய் சிலிர்க்கிறது. வெள்ளி சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகித் தெரிவதில்லை. எட்டாண்டுக்கு ஒருமுறை, ஓரிரு நாள் வித்தியாசத்தில், அதே பருவத்தில் வானின் அதே இடத்துக்கு வந்து நிற்கிறது.

1917-இல் ஓ'கீஃப் நீர்வண்ணத்தில் 'மாலை நட்சத்திரம்' தொடரை வரைந்தார். அடியில் நிலம், மேலே மஞ்சளாய் விண்மீன், அதைச் சூழ்ந்து செம்பட்டைகள். வீடு, வேலி எதுவும் கிடையாது. அந்திக் கதிர் நெடுந்தூரம் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, கண்ணுக்கு எஞ்சுவது சிவப்பு. அந்தச் சிவப்பை அவர் தாளில் தாராளமாக ஓடவிட்டார். ஈர வண்ணங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றில் ஒன்று ஊறிக் கலங்கிவிடும். ஆகவே பட்டைகளுக்கு இடையே தாளை மெல்லிய கீற்றாக வெறுமனே விட்டுவைத்தார். படத்தில் ஒளி வீசுவது அந்தத் தொடாத வெள்ளைதான். என்னைக் கேட்டால், வரைந்ததைவிட அந்தக் கை வரையாமல் விட்டதே பெரிது.

விடியலையும் அவர் விடவில்லை. 'சமவெளியில் வரும் வெளிச்சம்' என்று அதே ஆண்டில் மூன்று படங்கள், நீலத்தின் ஏற்ற இறக்கங்களில். சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே அதன் கதிர் மேல்காற்றில் பட்டுச் சிதறிக் கிழக்கை நனைக்கும் வேளை அது. படத்தில் வெளிச்சம் நிலத்திலிருந்து வளைவு வளைவாக எழும்புகிறது. கற்பனை வடிவம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. சமவெளியில் விடியுமுன் எழுந்து நின்றவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்: வெளிச்சம் அங்கே வில்லாகத்தான் எழுகிறது, மறைக்க மேடு இல்லாததால் அதன் இரு முனையும் தரையில் ஊன்றியிருப்பதுவரை தெரியும்.