படம் இல்லாத குன்றுகள்

அமெரிக்காவில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறைப் பயணத்தில் எடுத்த படங்களை அண்மையில் அனுப்பியிருந்தார். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு, செந்நிறப் பாறைகள், அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள். 'நம் பக்கத்தில் இப்படி ஏதாவது இருக்கிறதா ஐயா?' என்று கேட்டிருந்தார். அவர் பிறந்தது திண்டிவனத்தில். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய திருவக்கரையில், இரண்டு கோடி ஆண்டுகள் பழைமையான கல்மரங்கள் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா அவற்றை 1781-இலேயே குறித்துவைத்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பராமரிக்கிறது.

மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. அரிசோனாவின் கல்மரக் காட்டை 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1962-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. உலகமே அதைப் படங்களில் பார்த்திருக்கிறது. (அங்கே கல்துண்டை மறைத்து எடுத்துச் சென்றவர்கள், பின்னர் மனம் உறுத்தி மன்னிப்புக் கடிதத்துடன் அஞ்சலில் திருப்பி அனுப்புவதும் உண்டு.) திருவக்கரையை அவ்வாறு காட்டியவர்கள் குறைவு.

அமெரிக்காவில் நிலக்காட்சிப் புகைப்படத்துக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் பெரிய கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிச் சென்று யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் படமெடுத்தார். உள்நாட்டுப் போருக்கு நடுவே, 1864-இல், அப்பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையொப்பமிட்டார். அவர் அவ்விடத்தை நேரில் கண்டதில்லை. 1871-இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எல்லோஸ்டோனில் எடுத்த படங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பார்வைக்குச் சென்றன; மறு ஆண்டே அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. படம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ரயில் நிறுவனங்களுக்கும் அதில் ஆதாயம் இருந்தது. ஆயினும், வெகுதொலைவில் முடிவெடுப்பவருக்கு அந்த நிலம் ஓர் உருவமாகத் தெரிந்தது.

சென்னை மாகாணமும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. வாட்கின்ஸுக்கு முன்பே, 1857-58-இல், அரசின் புகைப்படக் கலைஞராக லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சை, திருச்சி என்று சுற்றிப் படமெடுத்தார். ராயக்கோட்டை மலையும் அவற்றுள் உண்டு. 1859-இல் ஆளுநராக வந்த டிரெவிலியன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கருதி அப்பணியை நிறுத்திவிட்டார். சிக்கனம் எது, சேமிப்பு எது என்று வகுப்பில் விளக்க நான் பலமுறை பயன்படுத்திய எடுத்துக்காட்டு இது.

கண்டாச்சிபுரத்திலிருந்து செஞ்சி வரை பார்த்தவர்களுக்குத் தெரியும். யாரோ கையால் அடுக்கியதுபோல் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். யாரும் அடுக்கியதில்லை. மண்ணுக்கடியில் இருந்த பாறையின் விரிசல்களில் நீர் இறங்கி, மூலைகளை நெடுங்காலம் அரித்து உருட்டியது. பிறகு மேல்மண் கரைந்தோட, உருண்டைகள் வெளியே நின்றன. இந்தப் பாறைகளுள் பல சுமார் 250 கோடி ஆண்டுகள் பழைமையானவை என்பது நிலவியலாளர் கணிப்பு. கீழ்வாலையில் இத்தகைய பாறைகளில்தான் செங்காவி ஓவியங்கள் உள்ளன.

இவற்றின் விலை என்ன? சந்தை ஒரே விலையைத்தான் அறியும். அது நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட் ஜல்லியின் விலை. குத்தகைத் தொகையும் கனிம உரிமத் தொகையும் அரசுக் கணக்கில் ஏறும். குன்றின் நிழல், அதன் சரிவில் இறங்கி ஏரிக்கு வரும் நீர், பார்ப்பவரின் மகிழ்ச்சி இவற்றுக்கு ரசீது இல்லை. எனவே கணக்கிலும் இல்லை. இதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். ஜல்லி வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் வீட்டுக் கூரையிலும் அதுதான் இருக்கிறது. எந்தக் குன்றை உடைக்கலாம், எதை விடலாம் என்று தீர்மானிக்கும் மேசையில் குன்றின் படமும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

செஞ்சிக்கு அந்த வாய்ப்பு கிடைத்துவிட்டது. 2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை அது. ராஜகிரியின் படம் இன்று எங்கும் கிடைக்கிறது. கோட்டை இல்லாத குன்றுக்கு யார் இருக்கிறார்கள்?

படம் பெருகினால் வரும் தொல்லையையும் மறைக்கக்கூடாது. அரிசோனாவின் ஹார்ஸ்ஷூ பெண்டு என்னும் ஆற்று வளைவு, கைப்பேசிப் படங்களால் புகழ்பெற்று, ஆண்டுக்குப் பல லட்சம் பேரை ஈர்த்தது. விளிம்பில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். 2019 முதல் வாகனக் கட்டணமும் வந்தது. அந்தத் தொல்லையையாவது கட்டணத்தால் சமாளிக்கலாம். உடைத்த குன்றுக்குக் கட்டணம் விதிக்க வழியில்லை.

நான் சிறுவனாக ஆடு ஓட்டிச் சென்ற குன்று ஒன்று எங்கள் ஊர்ப்பக்கம் இருந்தது. இப்போது அங்கே நீர் தேங்கிய ஆழமான குழி இருக்கிறது. அந்தக் குன்றைத் தனியாக எவரும் படமெடுத்ததில்லை, எடுக்கத் தோன்றவுமில்லை. என் தம்பி புதுச் சைக்கிளுடன் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில், அவன் தோளுக்குப் பின்னால் அதன் ஒரு பகுதி மங்கலாகத் தெரிகிறது.

அந்தப் படத்தையும் திருவக்கரைக் கல்மரத்தின் படத்தையும் மாணவருக்கு அனுப்பினேன். கல்மரத்தைப் பற்றி நிறையக் கேட்டார். சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு, 'தம்பி உங்களைப் போலவே இருக்கிறார் ஐயா' என்று எழுதியிருந்தார். பின்னால் பாருங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.