சுதந்திரவாதம் என்னும் சொல்

'லிபர்ட்டேரியனிசம்' என்பதைத் தமிழிலே சுதந்திரவாதம் எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், மனிதனின் சித்தம் சுயாதீனமானது என்று கொண்டவரையே இச்சொல்லின் மூலம் குறித்தது. பின்னரே, ஒருவனுடைய உடல், உழைப்பு, உடைமை ஆகியவற்றில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கைக்குப் பெயராயிற்று. இக்காலத் தாராளவாதமோ, நலிந்தோரைக் காக்க அரசு தலையிடுவதை ஏற்கும்.

இவ்வேறுபாட்டைக் கண்டிச் சீமையின் வரலாறு தெளிவாக்கும். மன்னர் காலத்தில் நிலம் பெற்ற குடிகள், அதற்கீடாக இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் புரிந்தனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி, விகாரை, தேவாலய நிலங்கள் நீங்கலாக, 1832 இல் அஃது ஒழிந்தது. சுதந்திரவாதி மகிழத்தக்க செய்தி இது.

ஆயின், அம்மலைகளிலே எழுந்த கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரைப் பிணித்தது கடன். கடன் தொகையைக் குறித்து, அதனைச் செலுத்தினால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டத்தார் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அஃதின்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. 1921 இல் சட்டமே அம்முறையை ஒழித்தது.

ஒரு தளை அரசு விலகியதால் அறுந்தது. மற்றொன்று அரசு தலையிட்டதால் அறுந்தது. ஆதலின், சுதந்திரம் என்று ஒருவர் சொல்லுமிடத்து, யாருக்கு, எதனிலிருந்து என்று வினவியே பொருள் கொள்ளல் வேண்டும்.