வன்தட்டு 'தேர்ச்சி' என்று சொன்னால் நம்பிவிடலாமா?

பூச்சோங்கில் ஒரு கடைவீட்டு மாடி. டியூஷன் நிலையமாக இருக்கலாம், கணக்கு எழுதும் அலுவலகமாக இருக்கலாம். மூலையில் ஒரு பழைய கணினி. விண்டோஸ் ஓட்டத் திணறியதால் அதில் லினக்ஸ் ஏற்றி, கோப்புகளைச் சேமிக்க வைத்திருக்கிறார்கள். உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால், அதன் வன்தட்டு நலமாக இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

வன்தட்டு நமக்குத் தூரத்துப் பொருள் அல்ல. பக்கத்துப் பெட்டாலிங் ஜெயாவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் வன்தட்டுத் தொழிற்சாலை நடத்தியது. 2019-ஆம் ஆண்டு இறுதிக்குள் அதை மூடுவதாக 2018-இல் அறிவித்தது. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மேல், தொடாமல் மிக நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் ஒரு முனைதான் உங்கள் கோப்புகளைப் படிக்கிறது. அது தேய்வதும் தடுமாறுவதும் இயல்பு. அதனால் வன்தட்டே தன் தடுமாற்றங்களை எண்ணிக் குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' என்ற ஏற்பாடு 1990-களில் வந்தது. அந்தக் குறிப்பை லினக்ஸில் படித்துக் காட்டுவது 'ஸ்மார்ட்மோன்டூல்ஸ்' என்ற இலவச மென்பொருள். 2002-இல் இதைத் தொடங்கிய புரூஸ் ஆலன், ஈர்ப்பலைகளை ஆராயும் இயற்பியலாளர். அண்டத்தின் அதிர்வைத் தேடுகிறவருக்கும் வன்தட்டுக் கவலை விடவில்லை!

இதில் 'ஸ்மார்ட்சிடிஎல்' என்ற கட்டளையை நிர்வாகி அனுமதியோடு, அதாவது முன்னால் 'சூடோ' சேர்த்து, ஓட்ட வேண்டும். (இங்கே ஒலிப்படி எழுதுகிறேன்; தட்டும்போது ஆங்கில எழுத்துகள்தான்.) முதலில் கண்ணில் படுவது 'பாஸ்ட்', அதாவது தேர்ச்சி, என்ற சொல். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். தேர்ச்சிக்கான எல்லையை நிர்ணயிப்பது தயாரித்த நிறுவனமே. பெரும்பாலும் அது மிகத் தாராளமான எல்லை. நூற்றுக்கணக்கான இடங்கள் கெட்ட வன்தட்டும் தேர்ச்சி பெறலாம்.

ஆகவே கீழே உள்ள அட்டவணைக்கு இறங்குங்கள். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. 197, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். 198, வன்தட்டு தானே சோதித்தபோது சரிசெய்ய முடியாமல் விட்டவை. மூன்றிலும் கடைசி நிரலில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து 2007-இல் கூகல் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, முதன்முதலாக மாற்றிடம் தேவைப்பட்ட வன்தட்டு அடுத்த 60 நாள்களில் பழுதாகும் வாய்ப்பு, மற்றவற்றைவிட 14 மடங்குக்கு மேல். அதே கட்டுரையில் கசப்பான இன்னொரு செய்தியும் உண்டு. பழுதானவற்றில் பாதிக்கும் மேல், அதாவது 56 விழுக்காடு, முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எண் ஏறினால் பயப்படுங்கள். ஏறவில்லை என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள். (நம் ஊர் வெயிலை நினைத்துக் கவலைப்படுவோருக்கு: வெப்பத்துக்கும் பழுதுக்கும் நாம் நினைக்கும் அளவு தொடர்பில்லை என்றும் அதே ஆய்வு கண்டது.)

வீணாகப் பயமுறுத்தும் எண்களும் உண்டு. 199 ஏறினால் பெரும்பாலும் கோளாறு வன்தட்டில் அல்ல, கேபிளில். சில ரிங்கிட்டில் புதுக் கேபிள் மாற்றுங்கள். பழைய எண் அழியாது. மேலும் ஏறாமல் இருந்தால் போதும். சீகேட் வன்தட்டில் 1-ஆம் எண்ணுக்கு எதிரே கோடிக்கணக்கில் ஏதாவது தெரியும். அதில் பிழைக் கணக்கோடு மொத்தச் செயல்களின் கணக்கும் சேர்ந்திருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடிமழையில் மின்சாரம் போகும்போதெல்லாம் 192 ஏறலாம். அது நோய் அல்ல, யூபிஎஸ் வாங்கச் சொல்லும் நினைவூட்டல்.

சில வேளைகளில் கருவி பதிலே சொல்லாது. வெளியே செருகும் யூஎஸ்பி வன்தட்டில் இது வழக்கம். இடையில் உள்ள சிறு சில்லு கேள்வியை உள்ளே அனுப்புவதில்லை. கட்டளையோடு '-டி சாட்' சேர்த்தால் பல பெட்டிகள் வழிவிடும். விடாவிட்டால், வன்தட்டைக் கழற்றிக் கணினியில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். கையடக்கமான சில வகைகளில் யூஎஸ்பி வாய் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பிரிக்க முயலாதீர்கள். ரெய்டு அட்டைக்குப் பின்னால் இருப்பவற்றுக்கு அந்த அட்டையின் வகையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மெய்நிகர் கணினிக்குள்ளிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அங்கே இருப்பது நிஜ வன்தட்டே அல்ல. பதில் வராததை 'நலம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு மௌனம் இதைவிட ஆபத்தானது. பின்னணியில் காவல் காக்கும் 'ஸ்மார்ட்டி' என்ற சேவை, எண் ஏறினால் மின்னஞ்சல் அனுப்பும். ஆனால் பல கணினிகளில் மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடே இருப்பதில்லை. எச்சரிக்கை எழுதப்பட்டு, யாரும் திறக்காத பதிவேட்டில் கிடக்கும். அதன் அமைப்புக் கோப்பில் உங்கள் முகவரிக்குப் பக்கத்தில் '-எம் டெஸ்ட்' என்று சேருங்கள் ('எம்' பெரிய எழுத்து). சேவையை நிறுத்தித் தொடங்கினால் ஒரு சோதனை அஞ்சல் வர வேண்டும். கைப்பேசியில் அது வந்து சேரும்வரை காவல் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

197-இல் எண் தெரிந்துவிட்டதா? உடனே நீண்ட சோதனையை ஓட்டாதீர்கள். பெரிய வன்தட்டில் அது பல மணி நேரம் முழுத் தட்டையும் துருவும். தளர்ந்த முனைக்கு அதுவே கடைசிப் பயணமாகலாம். முதலில் மிக வேண்டியவற்றை வேறொரு வன்தட்டுக்கு நகலெடுங்கள். படிக்க முடியாத இடத்தில் சிக்கி நின்றால், 'டிடிரெஸ்கியூ' என்ற கருவி அதைத் தாண்டி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக் கொடுக்கும். நகல் திறக்கிறதா என்று பார்த்தபின், சோதனையை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம்.