கடைமடைக்கும் போக வேண்டிய காற்று

ஜெட் இன்ஜினின் அனலில் சுழலும் பிளேடு உருகாமல் காப்பது அதன் உள்ளே ஓடும் காற்று. அந்த ஓட்டத்தைக் கணக்கிடுவதில்தான் இந்தியாவுக்குப் பெரிய சவால்.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றே மூன்று. வயநாட்டில் பிறக்கும் கபினி, பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி வழியாகத் தமிழகத்துக்கு வரும் பவானி, இடுக்கி மாவட்டத்தின் மறையூரைத் தொட்டு அமராவதிக்கு இறங்கும் பாம்பாறு. மூன்றின் தண்ணீரும் கடைசியில் சேருமிடம் காவிரி. பெங்களூரிலுள்ள கேஸ் டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம் தன் போர் விமான இன்ஜினுக்குக் காவிரி என்றும், அதன் மையப்பகுதிக்குக் கபினி என்றும் பெயர் வைத்தது. பெயர் குளிர்ச்சிதான். இன்ஜினைப் பாடாய்ப்படுத்தியவற்றில் ஒன்று வெப்பம்.

கேஸ் டர்பைன் காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. எரிபொருளைக் கலந்து எரிக்கிறது. அந்தச் சூடான வாயு பிளேடுகளில் மோதிச் சுழற்றுகிறது. வாயுவின் சூடு ஏற ஏறச் சக்தியும் கூடும். நவீன போர் விமானங்களில் அது 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. பிளேடு செய்யப்படும் நிக்கல் கலப்பு உலோகமோ கிட்டத்தட்ட அதே சூட்டில் உருகிவிடும்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. கம்ப்ரஸரில் அழுத்திய காற்றில் ஒரு பங்கை எரிய விடாமல் திருப்பி, பிளேடின் அடிப்பகுதி வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். அதுவே பல நூறு டிகிரி சூடு. ஆனாலும் வெளியே இருக்கும் அனலுக்கு முன்னால் அது தென்றல்! பிளேடுக்குள் மடிந்து மடிந்து ஏறி இறங்கும் பாதைகளில் அது ஓடுகிறது. சுவரிலுள்ள சிறு வரம்புகள் அதைக் கலக்கிவிட்டு அதிக வெப்பத்தை எடுக்க வைக்கின்றன. கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள் வழியே வெளியேறி, பிளேடின் மேல் மெல்லிய போர்வையாகப் படர்கிறது.

எங்கே எவ்வளவு காற்று போகும்? பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் விவசாயிக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். ஆனால் மொத்த அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. மேல்மடையில் கூடுதலாக எடுத்தால் கடைமடை காயும். பிளேடை வடிவமைப்பவரும் இப்படித்தான் தொடங்குகிறார். ஒவ்வொரு பாதையும் ஒரு வாய்க்கால், ஒவ்வொரு துளையும் ஒரு மதகு. ஒவ்வொரு சந்திப்பிலும் அழுத்தம் என்ன, எவ்வளவு பிரியும் என்று கம்ப்யூட்டரில் சமன் செய்கிறார். ஓரிடத்தில் உள் அழுத்தம் குறைந்தால் வெளியிலுள்ள அனல் துளை வழியே உள்ளே புகுந்துவிடும்.

வயல் அசையாது. பிளேடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுழல்கிறது. அந்தச் சுழற்சி, நுனியை நோக்கி ஏறும் காற்றை ஒரு சுவரோடு ஒதுக்குகிறது; இறங்கும்போது எதிர்ச்சுவரோடு. ஒரு பக்கம் குளிர, மறுபக்கம் காய்கிறது. உலோகத்தின் வெப்பநிலையைக் கணிப்பதில் சுமார் 30 டிகிரி பிசகினாலே பிளேடின் ஆயுள் பாதியாகலாம். பயந்து அதிகக் காற்றைத் திருப்பினால் இன்ஜினின் திறன் விழும்.

காவிரித் திட்டத்துக்கு 1989-இல் ரூ. 382.81 கோடியில் அனுமதி கிடைத்தது. 1996-க்குள் முடிந்திருக்க வேண்டும். எடை கூடியது, உந்துவிசை குறைந்தது, செலவு பல மடங்கானது. 2008-இல் தேஜஸ் விமானத்திலிருந்து காவிரி பிரிக்கப்பட்டது. தேஜஸ் அமெரிக்காவின் எஃப்-404 இன்ஜினில் பறக்கிறது. 2021-இல் ஒப்பந்தமான 99 இன்ஜின்களில் முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில்தான். அதுவரை புதிய தேஜஸ் விமானங்கள் காத்திருந்தன.

முன்னேற்றமே இல்லை என்று சொல்ல முடியாது. ஹைதராபாதிலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், ஒரே படிகமாக வார்த்த 60 பிளேடுகளை ஹெலிகாப்டர் இன்ஜினுக்காக ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸுக்கு அளித்திருப்பதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா போன்ற ஒருசில நாடுகளுக்கே கைவந்த வித்தை அது. உள்ளே நுண்ணிய காற்றுப் பாதைகளோடு வார்ப்பதில்தான் சிரமமே.

இன்ஜினை விற்க நாடுகள் முன்வரும். பிளேடின் உட்பாதையை ஏன் அப்படி வளைத்தோம் என்ற கணக்கை எளிதில் தர மாட்டார்கள். அதை நாமே போட்டு, சோதித்து, தோற்று, மறுபடி போட்டுத்தான் ஆக வேண்டும்.