மூன்று பேரேடுகள், ஒரு கைதி

போலீஸ், நீதிமன்றம், சிறை மூன்றும் தனித்தனியாகக் கணக்கு எழுதுகின்றன. அவை ஒன்றோடொன்று பேசாததால் புள்ளிவிவரம் மட்டுமா பிழைபடுகிறது?

பீகாரின் முசாபர்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் ருதுல் சாவை விடுதலை செய்தது 1968 ஜூனில். அவர் சிறை வாசலைத் தாண்டியதோ 1982 அக்டோபரில். தீர்ப்புக்கும் விடுதலைக்கும் இடையே 14 ஆண்டுகள். 1983இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ரூ. 30,000 நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது. அடிப்படை உரிமை பறிபோனதற்கு ரொக்கமாக நஷ்டஈடு என்ற வழியைத் திறந்துவிட்ட வழக்கு அது. ஆனால், தீர்ப்புக்கும் விடுதலைக்கும் இடையிலான இடைவெளி மூடப்படவில்லை.

2021 ஜூலையில் ஆக்ரா மத்திய சிறையில் இருந்த 13 கைதிகளுக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. உத்தரவின் சான்றளித்த நகல் வந்து சேராததால் கதவு உடனே திறக்கவில்லை. உத்தரவுகளைக் கொண்டுவரப் புறாக்கள் வருமா என்று இன்னமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று அப்போதைய தலைமை நீதிபதி ரமணா நொந்துகொண்டார். உத்தரவுகளை மின்னணு முறையில் அனுப்பும் 'ஃபாஸ்டர்' திட்டம் 2022 மார்ச்சில் வந்தது. ஆனாலும், ஜாமீன் கிடைத்தும் சுமார் 5,000 பேர் சிறையில் இருப்பதாக 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் கணக்கு வந்தது. அவர்களில் அதுவரை விடுவிக்கப்பட்டவர்கள் 1,417 பேர்.

தவறு எங்கே? ஒரு வழக்குக்குப் போலீஸ் நிலையத்தில் ஒரு எஃப்.ஐ.ஆர். எண். நீதிமன்றத்தில் அதே வழக்குக்கு 16 இலக்கத்தில் வேறொரு எண். சிறையில் கைதிக்கென்று தனி எண். போலீசும் நீதிமன்றமும் வழக்கை எண்ணுகின்றன. சிறை ஆளை எண்ணுகிறது. மூன்று பேரேடுகளிலும் இருப்பது ஒரே மனிதன் என்று சொல்லப் பொதுவான அடையாளம் இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்களுக்கும் இதே நோய்தான். 1953ஆம் ஆண்டிலிருந்து குற்றக் கணக்கு தொகுக்கப்படுகிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், மிகக் கடுமையானது மட்டுமே கணக்கில் ஏறும், மற்றவை மறைந்துவிடும். தண்டனை விகிதம் என்று தரப்படுவது அந்த ஆண்டில் விசாரணை முடிந்த வழக்குகளை வைத்துப் போடும் கணக்கு. அந்த ஆண்டில் பதிவான வழக்குகள் என்ன ஆயின என்பதை அது சொல்லாது. சிறைக் கணக்கும் டிசம்பர் 31 அன்று எடுத்த போட்டோ மாதிரிதான். 2022இன் கடைசி நாளில் 5,73,220 கைதிகள். அவர்களில் 4,34,302 பேர், அதாவது 100க்கு 76 பேர், விசாரணைக் கைதிகள். இவர்களில் எத்தனை பேர் பிறகு நிரபராதி என்று வெளியே வந்தார்கள்? அந்தப் புத்தகத்தில் பதில் கிடையாது.

காவல் நிலையங்களைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் திட்டத்துக்கு 2009இல் ரூ. 2,000 கோடி ஒதுக்கப்பட்டது. போலீஸ், தடயவியல், அரசு வழக்கறிஞர், நீதிமன்றம், சிறை என்ற ஐந்தையும் கோர்க்கும் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு 2022இல் ரூ. 3,375 கோடி. ஒரு தகவலை ஒரே ஒரு முறை பதிவு செய்தால் போதும், மற்ற துறைகள் அதையே எடுத்துக்கொள்ளும் என்பதுதான் இதன் தாரக மந்திரம்.

இந்தக் கோர்ப்பு எவ்வளவு அவசரம் என்பதைப் புதிய சட்டம் காட்டிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவுப்படி, முதல் முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விடவேண்டும். திருட்டு வழக்கென்றால் ஒரு வருடம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தகுதி வந்ததும் நீதிமன்றத்துக்கு எழுதவேண்டியது சிறைக் கண்காணிப்பாளர் பொறுப்பு. உள்ளே வந்த தேதி அவருக்குத் தெரியும். ஆனால், ஏற்கெனவே தண்டனை பெற்றவரா, வேறு மாநிலத்தில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா? இதற்கான விடைகள் மற்ற பேரேடுகளில் இருக்கின்றன. அவை இணையாவிட்டால் சட்டம் தந்த சலுகை காகிதத்தோடு நின்றுவிடும்.

இணைப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரே பெயர் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்படும் நாடு இது. இரண்டு பேரைக் கம்ப்யூட்டர் ஒருவராக்கிவிட்டால், யாரோ செய்த குற்றம் இன்னொருவர் தலையில் ஏறும். 2022ஆம் ஆண்டின் அடையாளச் சட்டப்படி கைரேகை போன்ற அளவீடுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். விடுதலையானால் அழித்துவிடவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. விடுதலையான செய்தி போய்ச் சேர்ந்தால்தானே அழிக்க முடியும்?

இங்கிலாந்தில் நீதி அமைச்சகம் 2019இல் தொடங்கிய 'டேட்டா ஃபர்ஸ்ட்' திட்டம், நீதிமன்ற, சிறைப் பதிவுகளைப் பெயர்களை நீக்கி இணைத்து ஆராய்ச்சியாளர்களுக்குத் தருகிறது. ஆளைக் காட்டிக்கொடுக்காமல் வழக்கின் பாதையை மட்டும் பின்தொடரலாம். இந்தியாவுக்கும் அது கைக்கெட்டாத வித்தையல்ல. இங்கே கம்பிகள் இழுக்கப்பட்டுவிட்டன. அவற்றின் வழியே குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் பறக்கிற வேகத்தில் விடுதலைச் செய்தியும் பறக்கவேண்டும், அவ்வளவுதான். ருதுல் சா தீர்ப்புக்குப் பிறகும் 14 ஆண்டுகள் காத்திருந்தார்.