முதுவேனிலில் ஒரு மலைவழி நடை

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் என்பதை முன்னரே கற்றோம். அவற்றுள் ஆனியும் ஆடியும் முதுவேனிற் காலம். அதாவது, கோடையின் முதிர்ந்த பகுதி. இதனை நான் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், ஆனி மாதத்தில் இங்கே மழை அல்லவா பெய்கிறது? நாங்கள் குடையோடுதானே பள்ளிக்கு வருகிறோம்?" என்று வினவினாள். நல்ல வினா. அதற்குரிய விடை மலையில் இருக்கிறது.

அரபிக்கடலிலிருந்து வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. மலையின் மேற்குச் சரிவும் உச்சியும் பெருமழை பெறுகின்றன. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி இத்தகைய மழைமறைவில் இருப்பதால், அங்கு ஆனியிலும் வெயில் தணிவதில்லை. புனேயும் மழைமறைவில் உள்ள ஊரே. ஆயினும் மலைக்கு அண்மையில் இருப்பதால், ஜூன் மாத நடுவில் இங்குக் கோடை விடைபெற்றுச் சாரல் தொடங்கிவிடுகிறது. மகாராஷ்டிர மக்கள் சஹ்யாத்திரி என்று வழங்குவதும் நாம் மேற்குத் தொடர்ச்சி மலை என்பதும் ஒரே மலையைத்தான்.

வெயிலும் மழையும் கைமாறும் இந்நாள்களில், ஆண்டுக்கு ஒருமுறை ஹடப்சர் சாலையில் ஊர்திகள் நிறுத்தப்படும். காலை முதலே தாளவொலி கேட்கும். காவிக் கொடிகளை ஏந்தியோரும், துளசிச் செடி வைத்த மாடத்தைத் தலையில் சுமந்த பெண்களும், மிருதங்கம் முழக்குவோருமாக மக்கள் வெள்ளம் கிழக்கு நோக்கி நகரும். இதுவே வாரி. தவறாமல் மீண்டும் மீண்டும் சென்று வரும் பயணம் என்பது மராட்டியில் இச்சொல்லின் பொருள். பயணம் செல்வோர் வார்கரி எனப்படுவர். அவர்கள் சென்றடையும் இடம் பீமை ஆற்றங்கரையில் உள்ள பண்டரிபுரம். அங்கே பாண்டுரங்கன் இடுப்பில் கைகளை ஊன்றிச் செங்கல்லின்மேல் நிற்கிறான். ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசிக்குள் அங்குச் சேர வேண்டும். வழித்தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர்; நடப்பதற்கு மூன்று கிழமைக் காலம் ஆகும்.

பல ஊர்களிலிருந்தும் பல்லக்குகள் புறப்படுகின்றன. அவற்றுள் பெரியவை இரண்டு. ஆளந்தியிலிருந்து வருவது 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஞானேசுவரரின் பல்லக்கு. தேஹுவிலிருந்து வருவது 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துக்காராமின் பல்லக்கு. அப்பல்லக்குகளில் அவ்வருளாளர்களின் பாதுகைகள் வைக்கப்பட்டிருக்கும். 1685ஆம் ஆண்டில் துக்காராமின் மகன் நாராயண மகராஜ் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து எடுத்துச் செல்லும் முறையைத் தொடங்கினார். ஞானேசுவரர் பல்லக்கின் இன்றைய ஒழுங்கை 19ஆம் நூற்றாண்டில் ஹைபத்பாபா வகுத்தார்.

இரண்டு பல்லக்குகளும் புனே நகரில் தங்கிய பின் ஒரே நாளில் புறப்பட்டு ஹடப்சருக்கு வருகின்றன. காடீதள் பகுதி வரை இரண்டுக்கும் பாதை ஒன்றே. அங்குச் சாலை பிரிகிறது. துக்காராமின் பல்லக்கு சோலாப்பூர் சாலையில் நேரே லோணி காள்போருக்குச் செல்லும். ஞானேசுவரரின் பல்லக்கு வலப்புறம் திரும்பி, திவே காட் என்னும் மலைப்பாதை ஏறிச் சாஸ்வட் ஊரை அடையும். நீங்கள் நாள்தோறும் பேருந்துக்குக் காத்து நிற்கும் சந்திப்புதான் அது.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பணிமாற்றம் பெற்று இவ்வூருக்கு வந்த முதலாண்டில் நான் வாரியைப் பார்க்கவில்லை. சாலை அடைப்பு என்ற அறிவிப்பைக் கண்டு, முதல்நாளே காய்கறி வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன்; தாளவொலி உரத்துக் கேட்டபோது சன்னலையும் சாத்தினேன். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் குதிரையைப் பற்றியும் நனைந்த கொடிகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தனர். அவர்கள் அனைவரும் கண்டதை நான் ஒருவன் மட்டுமே காணவில்லை.

அடுத்த ஆண்டு, முன்னர்க் கூறிய மாணவியின் குடும்பத்தினருடன் நானும் சாஸ்வட் வரை நடந்தேன். புனேயிலிருந்து சாஸ்வட் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரே நாளில் நடந்து முடிக்க வேண்டிய இப்பகுதி, பயணத்தின் கடினமான பகுதிகளுள் ஒன்று. நாங்கள் ஹடப்சரில் சேர்ந்துகொண்டதால் எங்களுக்குத் தொலைவு குறைவே. ஆயினும் உருளி தேவாசியைக் கடப்பதற்குள் என் செருப்பின் வார் அறுந்துவிட்டது.

வழிநெடுகிலும் வீட்டு வாயில்களில் தண்ணீர், தேநீர், வாழைப்பழம், பொரி. ஓரிடத்தில் மருத்துவ மாணவர்கள் நடப்போரின் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தனர். வார்கரிகள் தனித்தனியாக நடப்பதில்லை. திண்டி எனப்படும் குழுக்களாக நடக்கின்றனர். திண்டிகளுக்கு எண் உண்டு. இன்ன திண்டி பல்லக்குத் தேருக்கு முன்னே, இன்ன திண்டி பின்னே என்ற வரிசையும் உண்டு. சமையல் பாத்திரங்களும் படுக்கைகளும் சரக்குந்தில் முன்கூட்டியே அடுத்த தங்குமிடம் சேர்ந்துவிடும். இத்தனை பெரிய கூட்டம் வழிதவறாமல் செல்வதற்கு இந்த ஒழுங்கே காரணம்.

வார்கரிகள் ஒருவரையொருவர் 'மாவுலி' என்று அழைக்கின்றனர். அதற்குத் 'தாய்' என்று பொருள். ஞானேசுவரரையும் அப்பெயராலேயே அழைப்பர். சபரிமலைக்குச் செல்வோர் ஒருவரையொருவர் 'சாமி' என்று அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதனைப் போன்றதே இது. "மாவுலி, வழி விடுங்கள்", "மாவுலி, தண்ணீர் தாருங்கள்" என, முதியவரும் சிறுவரும் காவலரும் அன்று மாவுலிதான்.

வடகி ஊரைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. இது சஹ்யாத்திரியிலிருந்து கிழக்கே கிளைத்துச் செல்லும் ஒரு தொடர். கோடை முழுவதும் பழுப்பு நிறத்தில் கிடந்த சரிவுகளில் முதல் மழைக்குப் பின் இளம்புல் தலைகாட்டியிருந்தது. தேரை இழுக்கும் காளைகளுக்கு ஏற்றத்தில் துணையாக மேலும் பல இணைக் காளைகளைப் பூட்டினர். வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பாதி உயரம் சென்று திரும்பிப் பார்த்தேன். கீழே பள்ளத்தாக்கில் மஸ்தானி ஏரி. அதற்கப்பால் நாங்கள் விட்டுவந்த நகரம். ஏரிக்கும் எங்களுக்கும் இடையே, சாலையின் ஒவ்வொரு வளைவிலும் கொடிகள். சாலை கண்ணுக்கே தெரியவில்லை. மக்களே சாலையாக இருந்தனர். அப்போது தூறல் விழுந்தது. எவரும் ஒதுங்கவில்லை. பலர் நெகிழித்தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தனர்.

எங்களருகே நடந்த மூதாட்டி ஒருவர் மழையைக் கண்டு முகம் மலர்ந்தார். அவர் பீட் மாவட்டத்து உழவர். அவர் பேசிய மராட்டி எனக்கு விளங்கவில்லை. என் மாணவிதான் மொழிபெயர்த்தாள். வகுப்பில் நான் அவளுக்கு ஆசிரியன். மலையில் அவள் எனக்கு ஆசிரியை. மகன் நிலத்தை உழுது வைத்திருக்கிறான் என்றும், ஊரில் மழை பெய்துவிட்டதா என்று நாள்தோறும் தொலைபேசியில் கேட்பதாகவும் மூதாட்டி கூறினார். வார்கரிகளுள் பெரும்பாலோர் உழவர்கள். பண்டரிபுரத்தை நோக்கிக் கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்த நிலமே வரும். அவர்கள் நடக்கும்போது அடிக்கடி வானத்தைப் பார்ப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பிறகு மூதாட்டி எங்களிடம், "உங்கள் ஊர் எது?" என்று கேட்டார். நான் தயங்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றேன். மாணவி ஹடப்சர் என்றாள். அவள் தந்தை திடுக்கிட்டு, "நம் ஊர் தென்காசி அம்மா" என்று தமிழில் திருத்தினார். அவள் சற்று எண்ணிப் பார்த்து, "தாத்தா ஊர் தென்காசி, என் ஊர் ஹடப்சர்" என்று மராட்டியில் முழுமையாகச் சொன்னாள். மூதாட்டிக்கு அதில் வியப்பேதும் இல்லை. தலையசைத்துவிட்டு, மடியிலிருந்து வெல்லத்துண்டு ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். தந்தை மட்டும் அடுத்த வளைவு வரை ஒன்றும் பேசாமல் நடந்தார்.

எனக்கு அவ்வேளையில் சதுரகிரி நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் ஆடி அமாவாசைக்கு மக்கள் தாணிப்பாறையிலிருந்து மலையேறிச் சுந்தரமகாலிங்கத்தை வழிபடுவர். சிறுவனாக இருந்தபோது பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். அங்கும் முன்பின் அறியாதவர் கைகொடுத்துத் தூக்கிவிடுவர், கட்டுச்சோற்றைப் பகிர்ந்துகொள்வர். சதுரகிரியும் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்ததே. வடகோடிக்கு அருகில் ஆஷாடத்திலும் தென்கோடிக்கு அருகில் ஆடியிலும் மக்கள் அதே மலையை ஏறுகின்றனர்.

மானிடவியல் அறிஞர் ஐராவதி கார்வே வாரியில் நடந்து, அப்பட்டறிவைக் கட்டுரையாக எழுதியுள்ளார். புனேயின் டெக்கான் கல்லூரியில் பணியாற்றியவர் அவர். மக்கள் ஒன்றாகப் பாடி நடந்தும், உணவு வேளையில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்ததைக் கண்டு வருந்தி எழுதினார். விழாவைப் போற்றுவதோடு நில்லாமல் உள்ள குறையையும் எழுதிய அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். உயர்வகுப்புக்குச் சென்றபின் அக்கட்டுரையைத் தேடிப் படியுங்கள்.

சாஸ்வட்டை அடைந்தபோது இருட்டிவிட்டது. கர்ஹா ஆற்றங்கரையில் உள்ள அவ்வூரில்தான் ஞானேசுவரரின் தம்பி சோபானதேவரின் சமாதி இருக்கிறது. தங்குமிடத் திடலில் திண்டிகள் எல்லாம் பல்லக்கைச் சுற்றித் திரண்டு, காது செவிடுபடத் தாளம் கொட்டிக்கொண்டிருந்தன. சோப்தார் எனப்படும் பணியாளர் வெள்ளித் தடியை உயர்த்தினார். அத்தனை தாளங்களும் ஒருசேர அடங்கின. ஆனால் ஒரு மூலையில் ஒரு திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தவில்லை. "ஏன் அவர்கள் மட்டும்?" என்று கேட்டேன். குறை உள்ளவர்கள் இப்படித்தான் தெரிவிப்பார்கள் என்று மாணவி கேட்டறிந்து சொன்னாள். சோப்தார் அவர்களிடம் சென்று குறையைக் கேட்டறிந்த பின்னரே அத்தாளமும் ஓய்ந்தது. தொலைந்த பொருள்கள் பற்றிய அறிவிப்பும் அப்போதே. அதன்பின் ஆரத்தி.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் இந்நடை நிகழவில்லை. பாதுகைகள் மட்டும் அரசுப் பேருந்தில் பண்டரிபுரம் சென்றன. ஹடப்சரில் வாயிற்படிகளில் தண்ணீர்க் குடங்கள் இல்லாத ஆண்டு அது.

நீங்கள் செல்ல விரும்பினால் பெரியவர்களுடன் செல்லுங்கள். காடீதள் சந்திப்பில் நின்று நடப்போருக்குத் தண்ணீர் கொடுப்பது சிறியவர்களுக்குப் போதும். நடக்க வல்லவர் வடகி வரை செல்லலாம். மலையேறுவோர், திரும்பி வரும் வழியையும் முன்னரே திட்டமிட வேண்டும், ஏனெனில் அன்று மலைப்பாதையில் பேருந்து ஓடாது. பழகிய செருப்பையே அணிந்து செல்லுங்கள். மராட்டி தெரியாத உறவினர் உடன் வந்தால், 'மாவுலி' என்ற ஒரு சொல்லை மட்டும் வீட்டிலேயே கற்றுக்கொடுத்துவிடுங்கள். எஞ்சியதை நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லலாம்.