நெடுநாள் உறங்கிய மோட்டார் வண்டி

ஓடாத மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவதற்குப் பாடசாலை அதிபர் ஒருவருக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் பல்கலைக்கழகத்திலே கற்றவை வரலாறும் தமிழும். திருப்புளியைக் கையிலெடுத்ததோ ஐம்பது வயதைக் கடந்த பின்னர். ஆயினும், 27 ஆண்டுகள் அசையாது நின்ற எங்கள் குடும்ப வண்டியை வீதிக்குக் கொண்டுவந்த வேலையிலே எடுபிடியாகவும் மாணாக்கனாகவும் நின்றவன் என்ற உரிமையோடு சில சொல்ல விரும்புகிறேன். இத்தகைய வண்டியொன்று உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் நிற்கக்கூடும்.

எங்களுடையது 1958ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர். தபாலதிபராகக் கடமையாற்றிய என் தந்தையார் அதனை 1966இலே கைமாற்றாக வாங்கினார். இவ்வகை வண்டியை ஆக்கியவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். 1948இலே இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அது முதன்முதல் வைக்கப்பட்டது. அதற்குச் சிறிது காலம் முன்னரே, வண்டி ஒடுங்கலாக இருக்கிறதென்று கருதிய இசிகோனிஸ், மாதிரி வண்டியை நெடுக்காக இரு கூறாக்கி, நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, அந்த அகலமே பொருத்தம் எனத் துணிந்தாராம். எஞ்சின் மூடியின் நடுவிலே மேலெழுந்து ஓடும் தட்டையான பட்டியைப் பார்த்திருப்பீர்கள். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் அது. பிரித்தானியாவிலே பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை முதலில் எட்டிய கார் இதுவே. 1990களிலே இங்கிலாந்துக்கு அனுப்புவதற்காக இதன் உடற்தகடுகள் நம் இலங்கையிலேயே செய்யப்பட்டன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இனி, எங்கள் வண்டியின் தனிக் கதைக்கு வருகிறேன். 1990 யூன் மாதத்தின் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோயிற்று. பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி இந்த வானொலியைக் கேட்ட காலம் அது. அக்காலத்து நேயர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின.

பெற்றோல் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறன்று, அதற்குச் சூடு வேண்டும். ஆகையால் ஒரு சிறு போத்தலில் உயிரைப்போலப் பாதுகாத்து வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது கொதித்த பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எஞ்சின் சூடு குறையாதிருக்க, றேடியேற்றருக்கு முன்னால் என் தந்தையார் ஒரு மட்டையைக் கட்டியிருந்தார். மண்ணெண்ணெய் சிலிண்டருள் வேளைக்கு முந்தி எரிந்து தட்டுமாதலால், தீப்பொறி சற்றுப் பிந்தி விழும்படி டிஸ்ரிபியூட்டரையும் திருப்பி வைத்தார். இவ்வளவு செய்தும் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய், சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். நாளடைவில் ஒயில் குறையவேண்டிய இடத்திலே அதன் அளவு கூடியிருக்கும்! அளவுகோலை இழுத்துப் பார்த்து, “இது ஒயில் இல்லை, ரசம்” என்று தந்தையார் சொல்வது இன்னும் காதிலே நிற்கிறது.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, எங்கள் அப்பாச்சியையும் அயல்வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணொருவரையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டி மழையிலே, சனத்திரளின் நடுவே, நடைவேகத்திற் கொடிகாமம் வரை சென்றது. அதன்பின் அது தன் வலுவில் ஓடவில்லை. 1996இலே ஊர் திரும்பியபோது உழவு இயந்திரத்தின் பின்னே கயிற்றிற் கட்டி இழுத்துவந்து, முருகைக் கற்களில் ஏற்றி, கொட்டிலில் நிறுத்தினோம். தந்தையார் அதனை விற்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. 2011இலே காலமானார்.

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்திலே ஒரு நெருக்கடி வந்தது. கொட்டில் நின்ற காணி என் தங்கையின் மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. தைப்பொங்கல் கழிந்ததும் அவ்விடத்தில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டவேண்டும். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து பார்த்து விலையும் சொல்லிவிட்டார். வெளிநாட்டிலுள்ள தம்பிக்கும் அது சம்மதம். எண்பத்து நான்கு வயதான அம்மா மட்டும், “கொட்டிலை விட்டுப் போறதெண்டால் தன்ரை சில்லிலை போகட்டும்” என்றார். அந்தச் சொல்லின் பின் வியாபாரியை அனுப்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

முதலில் நான் செய்த மூடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரையும் கேளாமற் புதிய பற்றரி ஒன்றை வாங்கி வந்து பூட்டி, ஸ்ராட்டர்க் குமிழை இழுத்தேன். எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி, ‘டக்’ என்ற ஓசையுடன் நின்றது. மறுபடியும் இழுத்தேன். அந்த இரண்டாவது இழுவையின் விலை பின்னர்தான் தெரிந்தது.

தந்தையாரின் காலத்திலிருந்து இவ்வண்டியை அறிந்த மெக்கானிக் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். வயது எழுபத்து நான்கு. வந்து பார்த்தவர் முதலிற் பற்றரியைக் கழற்றினார். இக்காலத்து வண்டிகளிலே பற்றரியின் எதிர் முனை உடலோடு பொருத்தப்படும். மைனரிலே நேர் முனை பொருத்தப்படும். நான் மாறிப் பூட்டியிருந்தேன்! பிறகு அவர் எஞ்சினின் பக்கமே போகவில்லை. வண்டிக்குக் கீழே படுத்தார்.

“ஓடுறது கிடக்கட்டும், தம்பி. முதல் நிண்டு பிடிக்குமோ எண்டு பாப்பம்” என்றார்.

நேயர்களே, இந்த ஒழுங்குதான் முக்கியமானது. நெடுநாள் நின்ற வண்டியை எடுப்பவர்கள் எஞ்சினின் ஓசையைக் கேட்க ஆசைப்பட்டு அதிலிருந்தே தொடங்குகிறார்கள். எஞ்சின் ஓடாவிட்டால் வண்டி நின்ற இடத்திலே நிற்கும், அவ்வளவுதான். பிறேக் பிடியாவிட்டால் நடப்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பிறேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. ஆண்டுக்கணக்காக நிற்கையில் அந்த ஈரம் சிலிண்டர்களின் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்கிறது. இறப்பர்க் கிண்ணங்கள் இறுகி ஒட்டிக்கொள்கின்றன. மைனரின் முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு சிலிண்டர்கள், பின்சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று, ஆக ஆறு. இவற்றுக்கெல்லாம் தலையான பெரிய சிலிண்டர், சாரதியின் காலடித் தளத்தின் கீழே, நீரும் சேறும் படும் இடத்தில் இருக்கிறது. எங்கள் ஆறிலே நான்கு அசையவே இல்லை. எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம். தளத்தின் கீழும் பின் வில்லுகள் கொளுவியிருக்கும் இடங்களிலும் துருப்பிடித்த தகட்டை வெட்டி, ஒட்டுவேலை செய்வித்தோம். இவ்வண்டிக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். ஆகையால் அதன்மேல் நிறத்தைப் பூசி மறைப்பது மிகுந்த தவறு.

அதன் பின்னரே எஞ்சின். பிளக்குகளைக் கழற்றி, அத்துவாரங்களின் வழியே ஒயிலும் சிறிது மண்ணெண்ணெயும் விட்டு, ஒரு வாரம் ஊற வைத்தார். பின்பு ஸ்ராட்டரால் அன்று, முன்புறமுள்ள கைப்பிடியால், மாவாட்டுவதுபோல மெல்ல மெல்ல அசைத்தார். பிஸ்ரன்கள் இளகின. ஆனால் வால்வுகளைத் தள்ளும் எட்டுக் கோல்களுள் ஒன்று வளைந்திருந்தது. மண்ணெண்ணெய்ப் பிசினிலே ஒட்டிக்கிடந்த வால்வை நான் ஸ்ராட்டரால் வலிந்து தள்ளியதன் பயன் அது. கைப்பிடியாற் சுற்றியிருந்தால் தடையைக் கை உணர்ந்திருக்கும். ஸ்ராட்டருக்கு அந்த உணர்வு ஏது? எஞ்சினின் தலையைக் கழற்றினோம். பிஸ்ரன்களின் மேலே ஐந்து ஆண்டு மண்ணெண்ணெயின் கரி, அடுப்பங்கரைச் சுவர்போலப் படிந்திருந்தது. அதனைச் சுரண்டிய இரண்டு மாலைகளும் அம்மா கதிரையிட்டு அருகிலே இருந்தார்.

பெற்றோல் தாங்கியைக் கழற்றி, உள்ளே சரளைக் கல்லும் சோடாவும் இட்டுக் குலுக்கிக் கழுவினோம். வந்த துரு ஒரு சிரட்டை நிறைய இருக்கும். எரிபொருட் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. அதன் உள்முனைகளை மெல்லிய மணற்கடதாசியாலே துடைத்துவிட்டதும் உயிர்த்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக், டிக்’ என்று அடித்து, காபரேற்றரின் கிண்ணம் நிறைந்ததும் தானே ஓய்ந்துவிடும். ஓயாது அடித்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள்.

குளிர்நீர் வழிகளைப் பற்றி நம் பிரதேசத்தார் சிறிது கவனிக்கவேண்டும். சுண்ணக்கல்லிலே ஊறும் எங்கள் கிணற்று நீர், கேத்திலிலே வெண்படலம் பூப்பதுபோல எஞ்சினுள்ளும் பூக்கும். கழுவியபின் மழைநீரை வடித்து ஊற்றுவது நலம். எங்களின் புகைக்குழாயிலே குளவி மண்கூடு கட்டியிருந்தது, அதையும் பார்த்துவிடுங்கள். தீப்பொறி முனைகளுக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, பிளக்குக்கு 25 பங்கு இடைவெளி. இவை சிறிய வேலைகள்.

முதலிற் பிளக்குகள் இல்லாமலே ஸ்ராட்டரைச் சுழற்றினோம். வேகமானியிலுள்ள ஒயில் விளக்கு அணைந்த பின்னரே, அதாவது ஒயில் எங்கும் ஏறிவிட்டது என்று தெரிந்த பின்னரே, பிளக்குகளைப் பூட்டினோம். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் எஞ்சின் கிளம்பியது. அயலார் கூடிவிட்டார்கள். 2022இலே பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த ஒருவர், “இது மண்ணெண்ணெயிலை ஓடுமெல்லோ?” என்று கேட்டுச் சிரித்தார்.

கிளம்பியதே தவிர, எஞ்சின் சோர்ந்து இழுத்தது. மெக்கானிக் சிறிது நேரம் காதுகொடுத்து நின்றார். பிறகு டிஸ்ரிபியூட்டரைக் காட்டினார். அது இன்னமும் தந்தையார் திருப்பிவைத்த மண்ணெண்ணெய் நிலையிலேயே இருந்தது! இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தத் திருகாணியை எவரும் தொடவில்லை. “மாத்தட்டோ, தம்பி?” என்று அவர் கேட்டார். இயந்திர வேலைக்கு அனுமதி வேண்டியதில்லை, எனினும் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையசைத்தார். கால் அங்குலம்கூட இல்லாத ஒரு திருப்பல். எஞ்சின் தொண்டை திறந்ததுபோலப் பாடியது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. முன்சில்லுகளுக்குப் பிறேக் எண்ணெயைக் கொண்டுசெல்லும் இறப்பர்க் குழாய்கள் வெளியே புதியனபோலத் தெரிந்தமையால், மெக்கானிக் சொல்லியும் கேளாது, செலவைக் கருதி அவற்றை மாற்றாமல் விட்டேன். மார்கழியிலே தனியாக ஒழுங்கையில் ஓட்டிப் பார்த்தபோது, பெருவீதியை அணுகும் இடத்திற் பிறேக்கை மிதித்தேன். கால் தளம்வரை இறங்கியது. குழாய் வெடித்துவிட்டது. கைப்பிறேக் தனிக் கம்பியாலே பின்சில்லுகளைப் பிடிப்பது. அதை இழுத்த இழுப்பில் வண்டி வீதி விளிம்பில் நின்றது. மாலை வகுப்பு முடிந்த பிள்ளைகள் சைக்கிள்களில் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களிற் சிலர் என் பாடசாலைப் பிள்ளைகள். “குட் ஈவினிங் சேர்” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். மூன்று குழாய்களையும் மறுநாளே மாற்றினோம்.

செலவு எவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். வியாபாரி சொன்ன விலையைப்போல் பல மடங்கு. அந்தக் கணக்கிலே பார்த்தால் இது அறிவுடைய காரியமன்று. பணத்தை எண்ணி இதில் இறங்குபவர்களை நான் தடுப்பேன். வண்டி இன்னமும் தந்தையாரின் பெயரில் இருந்தமையால், உரிமை மாற்றத்துக்கும் வரி அனுமதிக்கும் கச்சேரிக்கு நடந்த நடையும் குறைவல்ல. நமது நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இலே நிறுத்தப்பட்டது; பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் ஈயமின்றி மெல்லத் தேயுமாதலால் நாங்கள் மிதமான வேகத்திலேயே ஓட்டுகிறோம்.

அத்திவாரத்துக்கு மூன்று நாள் இருக்கையில் வண்டி கொட்டிலைவிட்டு வெளியேறியது. அரை மைல் தொலைவிலுள்ள என் வீட்டுக்குத்தான் பயணம். அம்மா பின்னிருக்கையின் இடப்பக்கத்தில், அன்றிரவு அப்பாச்சி இருந்த இடத்திலே ஏறி அமர்ந்தார். சாவியைத் திருப்பினேன். பம்பு ஏழெட்டு முறை அடித்து ஓய்ந்தது. ஒழுங்கையின் பாதி தூரம் சென்றதும் அம்மா முன்னே குனிந்து, “மண்ணெண்ணெய் மணக்கேல்லையே, தம்பி” என்றார்.

முன்தட்டுப் பெட்டியிலே தந்தையாரின் பெற்றோல் போத்தல் கிடக்கிறது. உள்ளிருந்தது என்றோ காய்ந்துவிட்டது. மூடி மட்டும் இன்னும் இறுக்கமாக இருக்கிறது.